நீச்சத்தண்ணியும் சோறுதான்

முதலில் கண் செருகியது. வாயில் சோற்றோடு அப்படியே இருந்தாள். கூப்பிட்டேன். கேட்கவில்லை. பிறகு ஒன்றும் நடக்காதவள் போல மென்றாள். என் மகள் கார்த்திகாவுக்கு அப்போது ஐந்து வயது.

மதுரை ஆஸ்பத்திரியில் தலையில் ஒயர் ஒட்டி இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டப் பதிவு) எடுத்தார்கள். வலிப்பு நோய் என்றார்கள். மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. விழுந்து விழுந்து நெற்றிக் காயம் ஆறவே இல்லை. பள்ளிக்கூடத்தில், சரியான பிறகு கூட்டி வாருங்கள் என்றார்கள்.

டாக்டரம்மா கீட்டோ உணவு (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் சாப்பாடு) கொடுத்துப் பார்க்கலாம் என்றார். எல்லாப் பிள்ளைக்கும் கேட்காது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, மூன்று மாதத்தில் பலன் இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்றும் சொன்னார். எங்களுக்கு வேறு வழி இல்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தே ஆரம்பித்தார்கள். முட்டை, வெண்ணெய், தேங்காய் எண்ணெய், கொஞ்சம் கீரை. எல்லாம் தராசில் நிறுத்துத்தான். எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு வந்ததும் சோறு கேட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி, “பெத்த புள்ளைக்கு ஒரு வாய் சோறு போடாம என்னடி வைத்தியம்” என்றாள்.

கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாவது) இருக்கிறதா என்று சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்க்க வேண்டும். இருந்தால் பட்டை கறுக்கும். ஆஸ்பத்திரியில் கறுத்த பட்டை வீட்டில் வெளுத்தது. வலிப்பும் குறையவில்லை. கெடு முடிய வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த முறை போனபோது, விடிந்ததிலிருந்து அவள் வாயில் போவதையெல்லாம் சொல்லச் சொன்னார் உணவு ஆலோசகர். என் வீட்டுக்காரர் சொன்னார்:

“காட்டு வேலைக்குப் போகையில ஒரு டம்ளர் நீச்சத்தண்ணி குடுப்பேம்மா. ஒரு பருக்கை இருக்காது. வடிகட்டித்தான்.”

“அண்ணே, சோத்து மாவு அந்தத் தண்ணியிலயும்தான இருக்கு.”

பழைய சோற்றில் ஊறிய தண்ணீரை எங்கள் பக்கம் யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “அழுதுச்சு, பொறுக்கல” என்றார்.

அதை நிறுத்தினோம். பட்டை கறுத்தது. மெல்ல மெல்ல வலிப்பு குறைந்தது. சாப்பாட்டைத் தொடரச் சொன்னார் டாக்டரம்மா. வலிப்பு முழுக்கப் போய்விடவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இதைப் படிப்பவர்கள் செல்போனில் பார்த்து நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். சளி மருந்தில் இருக்கும் சர்க்கரைகூட இதைக் கெடுக்கும், அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

நேற்று படம் வரைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“என்னையே எதுக்கும்மா பாத்துக்கிட்டு இருக்க? போய் ஒன் சோலியப் பாரு.”

திரும்பி உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அவளைப் பார்க்காமல் எம்புட்டு நேரம் இருந்தேனோ தெரியாது. முதுகெல்லாம் காதாக இருந்தது.