மேட்டில் இழுக்காத கார்

என் அக்கா புருஷன் செம்பியனுக்கு வேலை சுத்தம், வாய்தான் அசுத்தம். ஷார்ஜாவில் பன்னிரண்டு வருடம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்து மாட்டிவிட்டு வந்து, முதுநகரில் என் பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் பட்டறை போட்டார். இன்னொரு மெக்கானிக்கை அவர் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவர் கட்டிய கியர்பாக்ஸ் திரும்பி வந்ததும் இல்லை, கார்த்யாயினி டீச்சருடைய கார் வரும்வரை.

டீச்சருக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டைப் பள்ளிக்கு யார் தயவும் இல்லாமல் போய்வர அந்த ஆட்டோமேட்டிக் கார்தான் கதி. மாமா அதன் கியர்பாக்ஸைப் புதுப்பித்துக் கொடுத்து ஒரே வாரம். பாலத்து மேட்டில் இன்ஜின் கத்துகிறதே தவிர, வண்டி ஏறவில்லை.

டீச்சரோடு வந்த அவர் தம்பி சபேசன், "வித்துடலாம்க்கா. சாயங்காலம் ஒருத்தர் பாக்க வர்றாரு. தெனம் நானே பைக்ல உட்டுட்டு வர்றேன்" என்றான். நல்ல மனசுதான். ஆனால் டீச்சர் முகத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

"உள்ள பிளேட்டு போயிருக்கும் மாமா, பிரிச்சிடுங்க" என்றேன்.

"நீ போய் டியூபுக்கு ஒட்டுப் போடு."

டீச்சரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் பின்னால் ஏறினேன். சமதளத்தில் வண்டி ஒழுங்காக இழுத்தது. மேட்டிலும் திருப்பத்திலும்தான் சண்டித்தனம்.

"பிளேட்டு தேஞ்சிருந்தா எல்லா எடத்துலயும் வழுக்கணும்டா. இது எண்ணெ ஒரு பக்கமா ஒதுங்கி, பம்ப்பு காத்தக் குடிக்குது" என்றார் மாமா. பட்டறைக்கு வந்ததும் இன்ஜினை அணைக்காமலே கியர்பாக்ஸ் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் ஈரமே இல்லை.

மாமா கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு உருவிப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போதுதான் இந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும்; அணைத்தால் மேலே ஏறிய எண்ணெய் கீழே இறங்கி, நிறைந்திருப்பதாகப் பொய் சொல்லும். மாமாவுக்கு இது மனப்பாடம். ஆனால் வேலை முடிந்த அன்று, ராகுகாலம் பிறப்பதற்குள் சூடம் காட்டிவிட வேண்டும் என்று குதித்து இன்ஜினை அணைக்க வைத்தவன் நான். சூடம் காட்டிய கையோடு அப்படியே கம்பியைப் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை அனுப்பிவிட்டோம்.

"தப்பு என்னுதுதான் டீச்சர். எண்ணெ கொறச்சலா ஊத்திட்டேன்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது, மாமா மேல் பாசமும் பொங்கியது.

ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடித்தது. டீச்சர் இந்தத் தடவை தனியாகவே பாலத்துக்குப் போனார். பத்து நிமிடம் ஆனது, அரைமணி ஆனது. ஆளைக் காணோம். மாமா தெருமுனைக்கும் பட்டறைக்குமாக நடந்தார். சபேசனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"சபேசா, ஆலப்பாக்கத்துல ஓரமா நிறுத்திட்டுப் பேசறேன். மேடெல்லாம் ஏறிடுச்சுடா. திரும்பி வர மனசே வரல, அப்படியே வீட்டுக்குப் போறேன். நீ பஸ் புடிச்சி வா. காரு பாக்க வர்றவர வர வேணாம்னு சொல்லிடு."