சுவரில் வரைந்த சாமிகள்

தொண்ணூறுகளில் சைதாப்பேட்டையில், எங்கள் காலனிக்கும் ஆற்றோரக் குடிசைகளுக்கும் நடுவே ஒரு நீளச் சுவர். அதன் ஓரத்தில் அசிங்கம் செய்கிறார்கள் என்று தினமும் சண்டை. சமாதானமாக இருக்கட்டும் என்று இரு பக்கத்தாரும் சேர்ந்து அதில் பிள்ளையார், இயேசு, மெக்கா எல்லாம் வரைந்தோம். குடிசையிலிருந்து வந்த செல்வி சுற்றிலும் பூ வரைந்தாள். நாற்றம் நின்றது. காலனியே எங்களைப் பாராட்டியது.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை செல்வியின் மகள் ஆற்றில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள். துக்கம் விசாரிக்கப் போனேன்.

"இருட்டுல ஆத்துக்கு எதுக்கும்மா போனா?"

"எங்களுக்கு கக்கூஸ் எங்க சார் கீது? சாமிக்கு எதுர்ல குந்த முடியுமா? படம் வரைஞ்சதுலேர்ந்து ஆத்துக்குத்தான் போறோம்."

குரலை அவள் உயர்த்தவே இல்லை.

படம் வரைய அவளைக் கூப்பிட்ட அன்று நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: எந்தக் கலர் பெயிண்ட் வேண்டும்?