ரோவீனாவின் நீலப் பேனா

"பேரைச் சொல்லுப்பா. கம்பெனி விலாசத்தைச் சொல்லு. மெதுவாச் சொல்லு, எழுதிக்கிறேன்."

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு, இடக்கையில் இறைச்சி வைத்த சாசேஜ் பிஸ்கட்டும் வலக்கையில் நீல மைப் பேனாவுமாக, ரோவீனா டாக்கெட் கடன் வசூல்காரனிடம் பேசுகிறாள். காலைச் சவாரி முடிந்து பள்ளிப் பேருந்துகள் ஷெட்டுக்குத் திரும்பிவிட்டன. அவள் ஓட்டுவது பதினான்காம் எண் வண்டி, என்னுடையது பதினைந்து.

"நல்லெண்ணத்துக்கு ஒரு அஞ்சு டாலர் மட்டும் கட்டுங்க மேடம்."

"என் நல்லெண்ணமெல்லாம் பிள்ளைங்க காலையிலேயே தீத்துட்டாங்க. எதுவானாலும் காகிதத்துல அனுப்பு."

அந்த ஐந்து டாலரில்தான் எங்கள் ஒஹாயோக்காரர்கள் விழுவார்கள். நானும் விழுந்தவள்தான். பழைய ஆஸ்பத்திரிக் கடன் ஒன்றுக்கு வழக்குப் போடும் கெடு முடிய இரண்டு மாதமே இருந்தபோது, மானம் போகக் கூடாதென்று பத்து டாலர் கட்டினேன். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம்; கெடு மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. "நாணயமா இருக்கப் போயி மாட்டிக்கிட்டியேடி மேவிஸ்!" என்று ரோவீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையாக வந்தது.

அவள் கதை வேறு. ஐந்து வருஷத்துக்கு முன் கணவன் லைலுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸில் போனான், பிழைத்து வந்தான், இப்போது ஆற்றில் மீன் பிடிக்கிறான். ஆம்புலன்ஸ் செலவை இன்சூரன்ஸ் அப்போதே கட்டிவிட்டது. ஆனாலும் ஆயிரத்து நூற்று நாற்பது டாலர் பாக்கி என்று அந்தக் கணக்கு யாரோ ஒரு வசூல் கம்பெனிக்குக் கைமாறி, பில் அவள் பெயரில் இருந்ததால் அவளுடைய கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறார். மார்ச் முடிவதற்குள் வாங்கினால் அவளுக்கு, இல்லையென்றால் வேறு யாருக்கோ. ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த ஒரு பதிவு நீங்காமல் வீட்டுக்கடன் கிடையாது என்று வங்கி கைவிரித்துவிட்டது.

பாதியைக் கட்டினால் பதிவை எடுத்துவிடுவதாக வசூல் கம்பெனி ஆசை காட்டியது. தம்பி விர்ஜில் ஷெட்டுக்கே வந்து கத்தினான்.

"கட்டித் தொலைச்சிடு அக்கா! வீடு போயிடும்!"

"கட்டினா நான் பாக்கிக்காரின்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் யாருக்கும் பாக்கி வைக்கலடா."

"உன் வீம்புக்கு ஒரு அளவே இல்லையா?"

"இருக்கு. ஆயிரத்து நூத்தி நாப்பது டாலர்."

பாக்கி இல்லையென்று வசூல் கம்பெனிக்கும் கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனிக்கும் அனுப்பும் கடிதங்களைக் கையாலேயே எழுதுவாள், நீல மையில். "நகல் கறுப்பா வரும். நீலமா இருந்தா அது என் கை எழுதினதுன்னு எவனும் மறுக்க முடியாது." ஒவ்வொன்றும் பதிவுத் தபால். கையெழுத்தாகித் திரும்பி வரும் பச்சை ஒப்புகை அட்டைகளை ரப்பர் பட்டை போட்டு, வண்டியின் வெயில் மறைப்பில் செருகி வைப்பாள். இன்சூரன்ஸ் பணம் கட்டியதற்கான ஒரு தாளுக்காக மட்டும் நான்கு மதிய இடைவேளைகளைத் தொலைபேசியில் காத்திருந்தே கழித்தாள். அப்போது தொலைபேசியில் ஓடிய இசையை இப்போதும் முணுமுணுப்பாள்.

பதினோராவது அட்டை வந்த வாரம் கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. விசாரித்ததில் பாக்கி இல்லை, பதிவு நீக்கப்பட்டது. மார்ச் இருபத்தெட்டாம் தேதி வங்கியில் நீட்டிய பேனாவை ஒதுக்கிவிட்டு, தன் பேனாவால் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாளாம். விர்ஜில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், ஏதோ அவனே எழுதிய மாதிரி. எனக்கும் பெருமைதான். பக்கத்து வண்டிக்காரி அல்லவா!

மறுநாள் காலை ஷெட்டில் அவளுக்காக டோனட் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தோம். என் கைபேசி அடித்தது. பழைய ஆஸ்பத்திரிக் கணக்கு. "ஒரு அஞ்சு டாலர் மட்டும் மேடம்..." என் கை தானாகவே கைப்பைக்குள் போனது.

ரோவீனா கைபேசியை வாங்கி மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். நீலப் பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவை என் விரல்களுக்கிடையில் செருகினாள்.