சாட்சி சொன்ன பிறகு மாத்திரை

என் தம்பிக்கு உடம்பு சரியாகிவிட்டது. அதுதான் பிரச்சினையே.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தம்பி சாமுவேலுக்குப் பட்டான்செருவில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை. எத்தனை முறை துவைத்தாலும் சட்டையை விட்டு கெமிக்கல் நெடி போகாத வேலை. சில மாதங்களுக்கு முன் ஷிஃப்ட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். பிரஷர் எக்கச்சக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செகந்திராபாத்தில் நாங்கள் போகிற தமிழ்ச் சபையிலிருந்து ஐயரும் நாலைந்து பேரும் வந்து, தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். (எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சபைப் போதகர்தான் ஐயர். புதிதாகப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.)

ஜெபம் ஒரு பக்கம் நடந்தது. மாத்திரை ஒரு பக்கம் நடந்தது. பிரஷர் இறங்கியது, வீட்டுக்கு வந்தான். இதுவரை எல்லாம் சுபம்.

எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் உண்டு. கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்கில் சொல்லலாம். அன்று சாமு எழுந்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் காய்ச்சல் வருகிற பயல்... அழகாகப் பேசினான். "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார்" என்று முடித்தான். சபை முழுக்க அல்லேலூயா. நானும் சொன்னேன். கண் கலங்கிவிட்டது.

மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டான்.

எனக்கு எப்படித் தெரியும்? அவன் மனைவி எஸ்தர்தான் நாத்தனாரான எனக்குப் போன் செய்தாள்.

"மைனி, மாத்திரையத் தொடவே மாட்டங்காவ. கேட்டா, சாட்சி சொல்லியாச்சுல்லாங்காவ. பிடரியப் பிடிச்சிக்கிட்டே உக்காந்திருக்காவ."

எங்கள் அப்பாவுக்கு இதே பிரஷரில்தான் ஒரு பக்கம் கைகால் விழுந்தது. கடைசி வரை படுக்கை. மாறி மாறிச் சோறூட்டியது நானும் சாமுவும். அதை மறந்துவிட்டானா?

நான் இருப்பது செகந்திராபாத் பக்கம் அல்வாலில். பட்டான்செரு ஊரின் மறுகோடி. லிங்கம்பள்ளி வரை ரயில், அப்புறம் முழங்கால் இடிக்கிற ஷேர் ஆட்டோ. போன வேகத்தில் அவனைத் தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பிரஷர் பார்த்தார். மெஷின் மேல் சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தார்.

"இத்தா பிபி லேகே கைக்கு ஃபிர்ரே பாய்?" என்றார். இவ்வளவு பிரஷரை வைத்துக்கொண்டு ஏன் சுற்றுகிறாய் என்று கேட்கிறார். சாமு சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏல, ஊருக்கெல்லாம் மருந்து செஞ்சு அனுப்புத. உனக்கு மட்டும் என்னல கேடு?"

அட, முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேனே — அவன் ப்ளாண்டில் தயாராவதே பிரஷர் மாத்திரைக்கான மருந்துதான்.

"அக்கா, மைக்ல சொல்லிட்டேன். சபையே ஸ்தோத்திரம் பண்ணிச்சு. இனி மாத்திரை போட்டா, கர்த்தர் பாதிதான் செஞ்சாருன்னு நானே சொன்ன மாதிரி ஆவாதா?"

"அப்பாவ நெனச்சுப் பாருல."

"நெனைக்காம இருப்பனா? அப்பா மாத்திரை போட்டுக்கிட்டேதான இருந்தாவ... விழுந்தாவல்லா?"

அப்போதுதான் புரிந்தது, அவனுக்கும் பயம்தான். என் பயம் மாத்திரையைப் பிடித்துக்கொண்டது, அவன் பயம் சாட்சியைப் பிடித்துக்கொண்டது.

ஐயருக்குப் போன் போட்டேன். எங்கள் ஐயர் சாமுவைவிடச் சின்னவர், சபைக்குப் புதிது. விஷயத்தைச் சொன்னேன்.

"நான் எப்படிக்கா மாத்திரை போடுங்கன்னு சொல்லுதது? அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால அல்லேலூயா சொன்னவனே நான்தான். நான் போய் மாத்திச் சொன்னா அவர் மனசு உடைஞ்சிராதா? சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுதேன்."

இன்னொரு ஜெபமா! தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் போயிருந்தேன். ஐயர் நீளமாக ஜெபித்தார். பிரஷர், மாத்திரை என்கிற இரண்டு வார்த்தை மட்டும் வாயில் வந்துவிடாமல் சுற்றிச் சுற்றிப் போனார். பாவம், பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பிறகு சாப்பாடு. எஸ்தர் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் செய்திருந்தாள். ஜெபிக்காமல் தட்டில் கை வைக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மறுபடி கண்ணை மூடினோம். வீட்டுக்கு வீடு சொல்கிற அதே சாப்பாட்டு ஜெபம் — இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும், இதை ஆயத்தம் பண்ணின கைகளையும் ஆசீர்வதியும், ஆமென்.

கண்ணைத் திறந்தால், சாமுவின் தட்டில் இடியாப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. நாங்கள் கண்மூடி இருந்தபோது எஸ்தர் வைத்திருக்கிறாள்.

அவள் சொதியை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "ஐயர் ஜெபம் பண்ணியாச்சு. ஆசீர்வதிச்சத மிச்சம் வைக்காதிய."

ஐயர் மாத்திரையைப் பார்த்தார். எஸ்தரைப் பார்த்தார். பிறகு குனிந்து, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி இடியாப்பத்தைப் பிய்க்க ஆரம்பித்தார்.

சாமு மாத்திரையைக் கையில் எடுத்தான். வீசி எறியப் போகிறான் என்றே நினைத்தேன். எறியவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது எங்க ப்ளாண்ட்டு மருந்தாக்கூட இருக்கும்" என்றான், யாரையும் பார்க்காமல். "ஷிஃப்ட்டுக்கு உள்ள போவும்போது தெனமும் ஜெபம் பண்ணிட்டுத்தான் போவேன். இதச் சாப்பிடுதவங்க நல்லாருக்கணும்னு."

எனக்கே அது அன்றுதான் தெரியும்.

எஸ்தர் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த ஜெபம் உங்களுக்கு மட்டும் சேராதா?"

சாமு தண்ணீர் கேட்டான். மாத்திரை உள்ளே போனது. நான் முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது சாமு ஐயரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்போ சொன்ன சாட்சிய என்ன பண்ணுதது?" ஐயர் யோசிக்கவேயில்லை. "மாசக் கடைசி ஞாயிறு வருதுல்லா... மைக்க நானே தாரேன்."

வியாதி என்றால் சொல்ல இடம் இருக்கிறது. பூரண சுகம் என்றாலும் இடம் இருக்கிறது. நடுவில் இருப்பதைச் சொல்லத்தான் நம்மிடம் இடமே இல்லை. ஜெபிக்கிறவர்கள் மட்டுமா இப்படி? கஷாயம் குடித்தே சுகரை விரட்டிவிட்டேன் என்று ஃபேமிலி குரூப்பில் அறிவித்தவர் யாரும் உங்கள் வீட்டில் இல்லையா? அவர் பையை ஒருநாள் துழாவிப் பாருங்கள்.

போன ஞாயிறு சாமு மறுபடி எழுந்தான். இந்த முறை மைக்கை ஐயரே கொண்டுவந்து கொடுத்தார். "பூரண சுகம்னு சொன்னேன். சொல்லிட்டு மாத்திரைய நிறுத்திட்டேன். பிரஷர் ஏறிட்டு. இப்போ மாத்திரை போடுதேன், நல்லாருக்கேன். அதுக்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்காக ஜெபம் பண்ணுங்க." உட்கார்ந்துவிட்டான்.

அல்லேலூயா வரவில்லை. யாரோ இருமினார்கள். ஐயர் அடுத்த பாட்டை அறிவித்தார். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். இவ்வளவுதானா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா இந்த ஜனங்கள்?

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் சாமுவைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம். எல்லாம் கிசுகிசு குரலில். காலையில் போடுவதா, ராத்திரியிலா? மாத்திரையால் கால் வீங்குகிறதா? வெறும் வயிற்றில் போடலாமா?

எல்லோரையும்விட மெதுவாகக் கேட்டவரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன வருஷம் அதே மைக்கில் பூரண சுகம் அடைந்தவர்.