குட்டைக் கழுத்து பேஸ் கிட்டார்

பக்கவாதம் வந்து என் கணவருக்கு வலது கையும் பேச்சும் போன பிறகு, வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான்: வேணாம். தண்ணீர் வேண்டுமென்றாலும் வேணாம் என்பார், ஃபேனைப் போடச் சொல்ல நினைத்தாலும் வேணாம் என்றுதான் வரும். மனதில் நினைப்பது ஒன்று, நாக்கில் வருவது எப்போதும் இந்த ஒன்றே என்று டாக்டர் விளக்கினார். நான் முகத்தைப் பார்த்து அர்த்தம் பண்ணிக்கொள்வேன். பாதி நேரம் தப்பாகிவிடும். அப்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

நாங்கள் ஒரே மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள். பகலில் நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். முகூர்த்த நாட்களில் மாலையானால் அடையாறு, தி.நகர் என்று ஏதாவது ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. நான் ஆறு கம்பி கிட்டார், பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்பேன். அவர் கனத்த அடிக்குரலில் ஒலிக்கும் பேஸ் கிட்டார், பின்னால் டிரம்ஸை ஒட்டி நிற்பார். சாப்பிட்டுவிட்டு வந்து கைகொடுப்பவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். அவர் அதற்குள் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்து, குழுவை நடத்தும் கீபோர்டுக்காரர் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். ரொம்ப நேரம் வெயிலைப் பற்றியே பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. பேஸ் இல்லாம மேடையே வெத்தா கீது. கிட்டாருக்குப் பசங்க வரிசையில நிக்கிறானுங்க. பேஸுக்குத்தான் ஆள் சிக்கல. நீங்க அதுக்கு மாறிக்கினீங்கன்னா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் வருமானம் நிக்காது."

என் கணவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "வேணாம்" என்றார். கீபோர்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். எதுவும் பிடிபடவில்லை. என் சம்பளம் மருந்துக்கும் பிசியோதெரபிக்குமே சரியாகப் போய்க்கொண்டிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆறு கம்பி வாசிக்கிற எனக்கு நான்கு கம்பி என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். அவருடைய கிட்டாரை உறையிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டியதுமே அந்த நினைப்பு போய்விட்டது. அவ்வளவு கனம். கழுத்து நீண்டுகொண்டே போனது. அவர் அசால்ட்டாக விரல் வைக்கிற முதல் கட்டத்தை எட்டுவதற்கு நான் உடம்பையே ஒரு பக்கம் சாய்க்க வேண்டியிருந்தது. கம்பிகள் தேர் வடம் மாதிரி. ஒரு பாட்டு முடிவதற்குள் சுண்டுவிரல் மரத்துவிட்டது. கழுத்து குட்டையான பேஸ் கிட்டார்கள் உண்டு, கை சின்னதாக இருப்பவர்களுக்கு அதுதான் சரி என்று இணையத்தில் படித்தேன். ஆன்லைனில் மலிவாகவும் கிடைத்தது. ஆனால் மலிவு விலை வாத்தியத்தைத் தொட்டுப் பார்க்காமல் வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. பேஸ் சத்தத்தில் எது நல்லது எது மட்டம் என்று சொல்லும் காது அவருடையதுதான், என்னுடையது அல்ல.

அதனால் அவரையும் கூட்டிப்போனேன். தி.நகரில் நான் விசாரித்து வைத்திருந்த கடை மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. முதல் படியில் இடது காலை வைத்தவர், வலது காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் பைகளோடு ஏற வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "பரவாயில்லைங்க, வேற கடைக்குப் போவோம்" என்று சொல்லித் திரும்பவும் ஆட்டோ பிடித்தேன். மயிலாப்பூரிலேயே தரைத்தளத்தில் ஒரு சின்னக் கடை கிடைத்தது.

கடைக்காரர் பொறுமைசாலி. என் கணவருக்கு நாற்காலி போட்டு, என் கைக்கு அடங்கும் விலையில் இருந்த மூன்றை எடுத்து வைத்தார். முதலாவதை மாட்டியதும் அதன் தலை தரையைப் பார்த்துத் தொங்கியது. வாசித்தேன். என் கணவர் கண்ணை மூடிக் கேட்டார். வேணாம். இரண்டாவதில் அழுத்துகிற இடமெல்லாம் கம்பி உரசி கிர்ரென்றது. வேணாம்.

"சாருக்கு எதுவும் மனசுக்குப் பிடிக்கல போல மேடம்" என்றார் கடைக்காரர்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்சம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

மூன்றாவதுதான் குட்டைக் கழுத்து. கருஞ்சிவப்பு. எட்டாத இடம் என்று எதுவும் இல்லை. அடிக்கம்பி மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று ஒலித்தது. நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் கணவர் "வேணாம், வேணாம்" என்று முன்னால் சரிந்தார். கடைக்காரர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அப்போதுதான் பார்த்தேன், அவருடைய இடது கையும் நீண்டிருந்தது. கிட்டாரைத் தன்னிடம் கொடு என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டாரை அவர் மடியில் வைத்தேன். செத்துக் கிடந்த வலது கையை எடுத்துத் தொடை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்தேன். அவர் இடது கையால் அழுத்தட்டும், நான் மீட்டுகிறேன் என்று எங்களுக்குள் சொல்லாமலே புரிந்தது. வரவேற்புகளில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறும்போது வாசிக்கும் மெட்டு. வருடக்கணக்காக அவர் கை தானாகப் போன இடங்கள். மெதுவாக மீட்டினேன்.

முதல் சுரம் சரியாக விழுந்தது. அடுத்தது தாமதமாக வந்தது, அதுவும் தப்பான கட்டத்தில். அவர் முகம் சுளித்தது. மறுபடி ஆரம்பித்தேன். இன்னும் மெதுவாக. விரல்கள் போகின்றன, ஆனால் எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. காது மட்டும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு தப்பும் அவருக்குக் கேட்டது. கடைக்காரர் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கண்ணாடி அலமாரியைத் துடைக்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் கையை எடுத்துக்கொண்டார். தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேணாம்" என்றார். அதற்கு நான் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இடது கை நன்றாக இருக்கிறது, ஸ்பூன் பிடிக்கிறது, பட்டன் போடுகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கையை நம்பி அவர் இத்தனை மாதமாக எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி ஒரு நம்பிக்கை அவருக்கு இருந்தது என்பதே, அது போன அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அதையே வாங்கினேன். வேறு வழியில்லை, அடுத்த வாரமே ஒரு வரவேற்பு இருந்தது. ஆட்டோவில் கிட்டார் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. லஸ் சிக்னலில் வெகுநேரம் நின்றோம். நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் மாலை முன்னறையில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தேன். ஆம்ப்பில்கூட மாட்டவில்லை. அவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவராக எழுந்து அத்தனை தூரம் நடந்தது அதுதான் முதல் தடவை. பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள்.

இப்போது மேடையில் டிரம்ஸை ஒட்டி நான் நிற்கிறேன். தேவைக்கு மேல் வாசிக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆறு கம்பிப் பழக்கம், சும்மா இருக்கத் தெரியவில்லை. கீபோர்டுக்காரர், "அண்ணன் மாதிரி விட்டு விட்டு வாசிங்க அண்ணி" என்கிறார். எப்படி என்று என் கணவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றால் கேட்கிற இடத்தில் அவர் இல்லை. பயிற்சிக்கு எங்கள் சர்ச்சின் பாடகர் குழு அறைக்குப் போய்விடுகிறேன். பக்கத்து வீட்டு அம்மா அதுவரை அவரைப் பார்த்துக்கொள்கிறார். திரும்பி வந்ததும் கைகால் கழுவிவிட்டு அவருக்குச் சாதம் பிசைகிறேன். டிவி ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு வந்தால் அவர் சேனலை மாற்றிவிடுவார்.