ஒருவரைக் குறைத்துச் சொல்லும் வீடு

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாசிப்பு வரும், மெதுவாக வரும். செங்கலடிப் பக்கம் ஓர் அரசாங்க மருந்தகத்தின் வெளிவாங்கில் தினமும் காலையில் உட்கார்ந்து காத்திருந்த நாட்களில், சுவரில் ஒட்டியிருந்த தாள்களை எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'நெருங்கிய தொடர்பாளர்' என்று ஒரு தாளில் இருந்தது. 'மறைந்திருக்கும் தொற்று' என்று இன்னொன்றில். 'அபாயத்துக்கு உள்ளாகக்கூடியோர்' என்பதை முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கினேன். அப்போது எனக்கு மூச்சு குறைவு.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கும்போது இருமலோடு இரத்தம் வந்தது. சளியைப் பரிசோதித்துவிட்டு டீ.பி. என்றார்கள். முதலாளி அன்றைக்கே நிறுத்திவிட்டார். அதில் எனக்கு மனவருத்தமில்லை. எந்த வேலையிலும் நான் ஒரு வருடம் நின்றதில்லை. வெட்டுக் காலத்தில் வட்டைக்குப் போவேன், வயல் வேலை முடிந்தால் மீன்வாடி, அதுவும் அலுத்தால் சந்தை. மாறி மாறிப் படுத்த இடங்களை நானே மறந்துபோவேன்.

ஆனால் நோய் தெரிந்த நாளில் சுகாதாரப் பரிசோதகர் அதைத்தான் கேட்டார். இளம் ஆள், மரியாதையாகப் பேசினார். மடியில் நீளமான கொப்பி.

"கடைசி மூணு மாசத்துக்குள்ள ஆரோடயெல்லாம் ஒரு கூரைக்குக் கீழ படுத்தீங்க அண்ணன்?"

"ஒருத்தருமில்ல ஐயா. வாடியில தனியத்தான் கிடந்தன்."

"சொந்தக்காரர் வீடு வாசலுக்குப் போகல்லியா?"

"இல்ல ஐயா."

பேனையை மூடினார். நான் சொன்னது பொய். வாடிக்குப் போகவே இல்லை. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் அக்காவின் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். முன்னறையில் பாய் போட்டுப் படுத்தேன். இருமிக்கொண்டுதான் படுத்தேன். அக்காவின் மகள், ஒன்றரை வயதுக்காரி, பகல் தூக்கத்துக்கு என் நெஞ்சில் வந்துதான் ஏறுவாள். அக்கா பதினான்கு வருடம் காத்திருந்து நாற்பது தாண்டிப் பெற்ற பிள்ளை.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. சண்டைக் காலத்தில் வீடு வீடாக வந்து ஆட்களை எண்ணி எழுதினார்கள். அம்மா உள்ளதைச் சொன்னாள்: ஐந்து பேர். எழுதிக்கொண்டு போனார்கள். பிறகொரு நாள் வந்தவர்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஐந்தாவது ஆள் எங்கே என்று கேட்டார்கள். பெரியண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்களோடு போனார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் வந்து கேட்டாலும் ஒருவரைக் குறைத்தே சொல்வோம். நிவாரண அரிசிக்கு வந்தவர்களுக்கும் குறைத்துத்தான் சொன்னோம். அரிசி குறைந்தது. அதற்காக அம்மா வருந்தியதை நான் பார்க்கவில்லை.

மருந்தகத்தில் தாதி கண்ணெதிரே நின்று, நான் குளிசைகளை விழுங்கும் வரை பார்ப்பார். 'நேரடி அவதானிப்பு' என்று அதற்குப் பெயர். வாயைத் திறந்து காட்ட வேண்டும். என்னோடு தினமும் மருந்து குடிக்க ஏறாவூரிலிருந்து ஒரு துணி வியாபாரி வருவார். நான் நானா என்று கூப்பிடுவேன். அவருக்கு மூன்றாவது மாதம் நடந்தது, எனக்கு மூன்றாவது கிழமை. ஒரு காலை சுவரைக் காட்டிக் கேட்டேன்.

"நானா, இந்தத் தொடர்பாளர் எண்டா ஆரு?"

"நீ விட்ட மூச்ச இழுத்த ஆக்கள்."

"அவங்கட பேரக் குடுத்தா என்ன செய்வாங்க?"

"என்னத்தச் செய்யிற? கூப்பிட்டு நெஞ்சுப் படம் எடுப்பாங்க. நான் மொதல்ல என்ட மாமிட பேரத்தான் குடுத்தன். இருவது வருசமா என்ன விசாரிச்ச மனுசி. ஒருநாளைக்கு அவவ ஆராச்சும் விசாரிக்கட்டும் எண்டு."

உள்ளே தாதி சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன், இருமல் வந்தது. பிறகு மற்றத் தாளைக் காட்டினேன்.

"அதா? பூச்சி உள்ளுக்குப் போய்ப் படுத்திருக்கும். இருமலும் இல்ல, காய்ச்சலும் இல்ல. பெரிய ஆக்களுக்குச் செல நேரம் மவுத்தாகுற வரைக்கும் எழும்பாது. அஞ்சு வயசுக்குக் கீழதான் கெதியா எழும்பும். என்ட பேத்திக்கு அதுக்குத்தான் மருந்து குடுக்காங்க." என் பக்கம் திரும்பினார். "உனக்குப் புள்ளகுட்டி இருக்கா?"

"இல்ல நானா."

"அப்ப நீ தப்பினாய்."

குளிசையை விழுங்கியும் வாயைத் திறந்து காட்டாமல் நின்றேன். தாதி என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என் நெஞ்சில் அந்தப் பிள்ளையின் தலை இருந்த இடம் அப்படியே தெரிந்தது. மூக்கு என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கும்.

அன்றைக்கே பஸ் ஏறினேன். மண்முனைப் பாலத்தில் பஸ் போகும்போது யன்னலைத் திறந்து வைத்து முகத்தை வெளியே பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு வாவிக் காற்று வாங்குவதாகத் தெரிந்திருக்கும். எனக்கு உள்ளே மூச்சுவிடப் பயம்.

அக்காவின் வீட்டு வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். அவள் மாவரித்த கையோடு வந்தாள்.

"உள்ள வா மனே. என்ன வேலிக்கு வெளியால நிக்காய்? வாயில என்ன துணி, கோழிக் கள்ளன் மாதிரி?"

"வரமாட்டன் அக்கா. அங்கயே நிண்டு கேளுங்க. எனக்கு டீ.பி."

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"புள்ள எப்பிடி இருக்காள்?" என்று கேட்டேன்.

"சோறு தின்னுறாளில்ல. மிட்வைப் மிஸ் நிறை பாத்தா. கொப்பியில கோடு ஏறுதில்லயாம். போன மாசமும் ஏறல்ல, இந்த மாசமும் ஏறல்ல."

"வேற என்ன கேட்டா?"

"வீட்டில இருமுற ஆக்கள் ஆரும் இருக்காங்களா, இருந்தாங்களா எண்டு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அக்கா நிலத்தைப் பார்த்தாள். "நாங்க மூணு பேர்தான், வேற ஒருத்தரும் வரல்ல எண்டு சொன்னன். ஆரு என்னத்துக்குக் கேக்காங்க எண்டு நமக்கென்ன தெரியும்?"

அவள் கணக்கில் என்னை விட்டுவிட்டாள், நான் என் கணக்கில் அவளை விட்டுவிட்டேன். இரண்டு பேரும் காப்பாற்றத்தான் செய்தோம். நடுவில் பிள்ளையை ஒருவரும் தேடி வரவில்லை. வாசலுக்குள் பிள்ளை ஒரு சிரட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கினாள். நான் பின்னால் நகர்ந்தேன். கத்தி அழுதாள். அந்த அழுகை கேட்கக் கேட்கத்தான் தெருவுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை குளிசையைக் குடித்துவிட்டு நேரே பரிசோதகரின் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் நின்று இரண்டு தடவை திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை அவரே கண்டு கூப்பிட்டார்.

"ஐயா, அண்டைக்கு நான் சொன்னது பிழை."

நீளக் கொப்பியைத் திறந்தார். அக்காவின் பெயரைச் சொன்னேன், மச்சானின் பெயரைச் சொன்னேன். பிள்ளையின் பெயருக்கு முன்னால் அவளுடைய வயதைச் சொன்னேன். அவர் அவசரப்படுத்தவில்லை. சொல்லி முடித்ததும் கேட்டார்.

"முதலே சொல்லியிருக்கலாமே அண்ணன்?"

"பயம் ஐயா."

"என்னைப் பாத்தா?" அவர் சிரித்தார்.

"கொப்பியைப் பாத்து."

அவரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். சிரிப்பை நிறுத்திவிட்டார். கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்து, வாசிக்கச் சொன்னார். பெயர், வயது, உறவு, பரிசோதனைத் திகதி, முடிவு. விரல் வைத்து வாசித்தேன். பிள்ளையின் வரியில் கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. 

மூவரையும் கிளினிக்குக்குக் கூப்பிட்டார்கள். தொற்று போயிருக்கிறதா என்று பார்க்க, பிள்ளையின் முன்கையில் ஒரு சிறு ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் வீக்கத்தை அளப்போம் என்றார்கள். அந்த மூன்று நாளும் மச்சான் தோணியை இறக்கவில்லை. அக்கா அந்தக் கையை யாரும் தொடவிடாமல் மடியில் வைத்திருந்தாளாம். அளக்கும் நாளில் நான் கிளினிக்குக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று யன்னலால் பார்த்தேன். என்னால் இனிப் பெரிதாகப் பரவாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் என்னை நான் நம்பவில்லை. டொக்டர் விரலால் தடவி, தடிப்பின் இரண்டு பக்கத்திலும் பேனையால் கோடு போட்டு, பள்ளிப் பிள்ளைகளின் அடிமட்டம் போன்ற ஒன்றை வைத்தார். எண் எனக்குத் தெரியவில்லை. அக்காவின் முதுகு தெரிந்தது. அது குனிந்தது.

தொற்று உள்ளே போயிருந்தது. நெஞ்சுப் படம் எடுத்தார்கள், வேறு பரிசோதனைகளும் செய்தார்கள். இன்னும் எழும்பவில்லை என்று டொக்டர் சொன்னார். எழும்பாமல் இருக்க ஆறு மாதம் மருந்து, மாதா மாதம் நிறை. நிறை ஏறாவிட்டால் திரும்பவும் பார்க்க வேண்டுமாம். 'எழும்பவில்லை' என்ற சொல்லை அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள். 'இன்னும்' என்ற சொல் அவள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

கடைசியாக ஒரு படிவம் நிரப்ப இருந்தது. மிட்வைப் மிஸ் என்னையும் உள்ளே கூப்பிட்டு, கதவோரம் நிற்கச் சொன்னார்.

"சரியாச் சொல்லுங்க அக்கா. வீட்டில எத்தினை பேர்?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். வாசலில் ஒருவரும் இல்லை.

"நாலு பேர்," என்றாள்.

மிஸ் எழுதினார். பேனையை மூடும் வரை அக்கா மிஸ்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பிள்ளை மச்சானின் தோளில் நித்திரை. பஸ் பாலத்தில் ஏறியது. அக்கா முன்சீட்டிலிருந்து திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"அந்தத் தாளை எங்க வைப்பாங்க மனே?"

தெரியாது என்றேன்.