பத்தொன்பதரை மார்க்

எனக்கு இரண்டு அண்ணன்கள், அதனால் இரண்டு அண்ணிகள். இரண்டு பேரும் இங்கிலீஷ் டீச்சர்கள். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் இரண்டு இங்கிலீஷ் டீச்சர்கள் இருந்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்க வேண்டும். நான் சொல்ல வந்தது பெரியண்ணியைப் பற்றித்தான். சின்னண்ணியை இழுக்காமல் பெரியண்ணியைப் பற்றிப் பேசவே முடியாது என்பதுதான் பெரியண்ணியின் வாழ்நாள் குறை. அதற்கு நான் என்ன செய்ய?

பெரியண்ணி பிறந்த வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ரேடியோச் செய்தியைக் கேட்டு, நூலகத்தில் கிழிந்த அகராதியைப் புரட்டி, அவளாகக் கற்றுக்கொண்டது. பேசிப் பழக ஆள் இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசிப் பார்ப்பாளாம். வெளியில் கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம். அப்படி வந்த இங்கிலீஷில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு சின்ன மூச்சு எடுப்பாள். அந்த மூச்சுக்குள் வாக்கியம் தயாராகி, இஸ்திரி போட்ட சட்டையாக வெளியே வரும். அந்த மூச்சு இல்லாமல் அவளால் காலை வணக்கம்கூடச் சொல்ல முடியாது.

சின்னண்ணி வெளிநாட்டில் வளர்ந்தவள். அப்பாவின் வேலை அங்கே. பால் பொங்கினால்கூட இங்கிலீஷில்தான் பதறுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தோம், பெரியண்ணி ஒருத்தியைத் தவிர. அவள் பாலை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பைத் துடைத்துவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ஆரம்பித்த புகைச்சல்.

சின்னண்ணி பேசப் பேசப் பெரியண்ணி காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள், எங்கேயாவது ஒரு தப்பு விழாதா என்று. விழாது. அப்புறம் என்னிடம் வந்து, "பேச்சுதான் வளவளன்னு இருக்கு. உள்ள சரக்கு இருக்கா?" என்பாள். நான், "தெரியலையே அண்ணி, எனக்கு எங்க இங்கிலீஷ் புரியுது?" என்பேன். "உனக்கு ஒண்ணும் புரியாது" என்று என்மேல் பாய்வாள். யார்மேலாவது பாய வேண்டும், நான் கையெட்டும் தூரத்தில் இருந்தேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பெரியண்ணியின் மகள் பள்ளிக் கடைசி வகுப்புக்கு வந்தாள். அம்மா ஊருக்கே இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவள். ஆனால் அந்தப் பெண் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேரே மாடிக்குப் போய், "சித்தி, என்கூடக் கொஞ்சம் பேசு" என்று உட்கார்ந்துகொள்ளும். மாடியிலிருந்து இரண்டு பேர் சிரிப்பதும் பேசுவதும் கேட்கும். கீழே பெரியண்ணி தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள். "உன் பொண்ணு நல்லாப் பேசினா உனக்குத்தானே பெருமை?" என்று என் பெரியண்ணன் ஒருநாள் கேட்டுவைத்தான். நல்ல மனுஷன், ஆனால் எதை எப்போது கேட்பது என்று தெரியாது. அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

இனி தேர்வு விஷயம். கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் எழுத்துத் தேர்வுக்கு முன்னால் வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. நான் அலுவலக உதவியாளராக இருக்கும் பள்ளிதான் எங்கள் பகுதிக்கு மையம். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒலிப்பதிவுக் கருவியை அமுக்கிவிட்டு, கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது என் வேலை. அறையில் இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். ஒருவர் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, அச்சடித்த அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்டுப் பேச்சுக் கொடுப்பார். இன்னொருவர் ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்து மார்க் மட்டும் போடுவார். மார்க் போடுகிறவர் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. உச்சரிப்பு, சொல்வளம், இலக்கணம், உரையாடலைக் கொண்டுபோகும் திறமை என்று நான்கு கட்டங்கள், கட்டத்துக்கு ஐந்து மார்க். ஆசிரியர்கள் சொந்தக்காரப் பிள்ளைகளைச் சோதிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஓரகத்திகள் இரண்டு பேரை ஒரே அறையில் போடக் கூடாது என்று யாருக்கும் விதி எழுதத் தோன்றவில்லை.

முன்பெல்லாம் கேள்வி கேட்கும் நாற்காலி பெரியண்ணியுடையது. சின்னண்ணி தேர்வுப் பணிக்கு வந்த வருஷம், தலைமைத் தேர்வாளர் பெரியண்ணியை ஜன்னலோரத்துக்கு மாற்றினார். "உங்களைப் பார்த்தா பிள்ளைங்க கொஞ்சம் பயப்படுறாங்க டீச்சர். உங்க காதுதான் எனக்கு வேணும்" என்றார். அவர் பாராட்டித்தான் சொன்னார். பெரியண்ணிக்கு முதல் பாதி மட்டும் கேட்டது.

காது விஷயம் உண்மை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் இரக்கமோ எரிச்சலோ வந்துவிடும் என்று பெரியண்ணி நிமிர்ந்தே பார்க்க மாட்டாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, நல்லதாகக் காதில் விழ விழ அந்தந்தக் கட்டத்தில் சின்னச் சின்னக் கோடு போட்டுக்கொண்டே போவாள். பிள்ளை எழுந்ததும் கோடுகளைப் பார்த்து மார்க் எழுதுவாள். ஒரே குரலை எல்லோருக்கும் போட்டுக் காட்டி ஒத்திகை நடத்தும்போது, தலைமை போட்ட மார்க்கும் அவள் மார்க்கும் ஒன்றாகவே இருக்கும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'சிலை'. அவளுக்கும் அது தெரியும்.

பெரியண்ணியின் மகள் கடைசி வகுப்பில் இருந்த வருஷத்தோடு தலைமை ஓய்வு பெறுவதாக இருந்தது. அடுத்த தலைமைத் தேர்வாளராக யாரை வைப்பது என்று அவர் ஒரு பெயரை மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர். யார் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியண்ணிக்கு அந்தப் பதவி வேண்டும். வேண்டும் என்றால் சாதாரணமாக இல்லை, வெறியாக வேண்டும். "இத்தனை வருஷம் இந்தத் தேர்வுக்கு உழைச்சவ நானு. அவ நேத்து வந்தா. அவளுக்குக் கொடுத்தா நான் இந்த வேலையையே விட்டுடுவேன்" என்றாள் என்னிடம். "சின்னண்ணி அதைக் கேக்கவே இல்லையே அண்ணி" என்றேன். "அதான் எரியுது. கேக்காமலேயே எல்லாம் கிடைக்குது அவளுக்கு" என்றாள்.

தேர்வு நடந்த நாட்களில் அறைக்குள் இருந்தது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஓய்வு நேரத்தில் தோட்டவேலை என்று சொல்லும். எல்லாம் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள், மண்ணைத் தொட்டிருக்காது. மனப்பாடம். சின்னண்ணி அதோடு விட மாட்டாள். "அப்படியா, என்ன செடி?" என்று கேட்பாள். பிள்ளை விழிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள், பிள்ளையும் சிரித்துவிடும், அப்புறம் உண்மையாகப் பேச ஆரம்பித்துவிடும். ஜன்னலோரம் பெரியண்ணியின் பேனா கோடு போட்டுக்கொண்டிருக்கும். அவள் முகம் சுண்டிப்போயிருக்கும்.

கடைசி நாள், இன்னும் இரண்டு பிள்ளைகளே மிச்சமிருந்தபோது, உயரமான ஒரு பெண் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். சின்னண்ணி பெயரைக் கேட்டாள், சொன்னாள். மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் படத்தைக் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டாள். அந்தப் பெண் படத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

சின்னண்ணி அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு வார்த்தைகள் பாதிதான் புரிந்தன, ஆனால் கதை எங்கள் வீட்டுக் கதை. இந்த ஊருக்கு வந்த புதிதில் தவறான பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய், வழி கேட்க இந்த ஊர்ப் பேச்சு வராமல், நனைந்துகொண்டு நின்றது. கடைசியில் யாரோ ஒருவர் குடையில் இடம் கொடுத்துக் கூட்டிவந்தது. மழையைச் சொன்னாள், ஈரத் துணி உடம்பில் ஒட்டியதைச் சொன்னாள், வாயிருந்தும் பேச முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கே கண் கலங்கியது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "யெஸ் மேடம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "மீ டூ மேடம்" என்றாள். அவ்வளவுதான், நேரம் முடிந்துவிட்டது.

பெரியண்ணி பக்கம் திரும்பினேன். குனிந்த தலை நிமிரவில்லை. பேனா மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண் பேசாதபோதும் போனது. குறிப்பு ஏதோ எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் தேர்வு முடிந்ததும் எங்கள் தலைமைக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லா ஆசிரியர்களையும் ஒரு வகுப்பறையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, அந்த வருஷத்தின் அதிக மார்க்கையும் குறைந்த மார்க்கையும் ஒலிப்பதிவில் போட்டுக் கேட்கவைப்பார். மார்க் குரலுக்குப் பொருந்துகிறதா என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். "இந்த வருஷம் அதிகம் பத்தொன்பதரை. நம்ம டீச்சர் போட்டது. அவங்க கையால இவ்வளவு வாங்கறது லேசு இல்ல. கேளுங்க" என்று பெரியண்ணியைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கருவியை அமுக்கினார். அந்தப் பதவி அப்போது கிட்டத்தட்ட அவள் மடியில் இருந்தது. எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சின்னண்ணியின் குரல் வந்தது. பஸ், மழை, ஈரத் துணி. எல்லோரும் அந்தப் பிள்ளையின் குரலுக்காகக் காத்திருந்தார்கள். யெஸ் மேடம். மீ டூ மேடம். கருவி நின்றது.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். பெரியண்ணி முகத்தில் ஈயாடவில்லை. தலைமை மார்க் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "டீச்சர், இது யாருக்குப் போட்ட மார்க்?"

பெரியண்ணி பதில் சொல்வதற்குள் முந்திக்கொள்கிற மாதிரி சின்னண்ணி எழுந்தாள். "வரிசை மாறியிருக்கும் சார். அடுத்த பிள்ளையோடது இங்க ஏறியிருக்கும். அவசரத்துல நடக்கிறதுதான்."

நடக்கிறதுதான். எல்லோருக்கும் நடந்திருக்கிறது. தலைமைகூடத் தலையாட்டிவிட்டார். பெரியண்ணி ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாளைத் திருத்தி, சிரித்து, டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். சொல்லுங்கள் அண்ணி, சொல்லித் தொலையுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

அவள் சின்னண்ணியைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்திருந்தால் யாருக்கும் விளங்கியிருக்கும். தோற்பதைக்கூடத் தாங்கியிருப்பாள். இவள் கைகொடுத்துத் தூக்கிவிடுவதை அவளால் தாங்க முடியவில்லை.

"வரிசை மாறல சார்" என்றாள். "அந்தப் பொண்ணு பேசவே இல்ல. என் காதுல விழுந்தது இவ பேச்சு. இவளுக்குத்தான் போட்டிருக்கேன். எழுதி முடிச்சப்பவும் அது எனக்கு உறைக்கல."

யாரும் சிரிக்கவில்லை. தலைமை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பிள்ளையை மறுபடி வரச் சொல்லணும். நானே பேசிப் பார்க்கிறேன்" என்று என்னை வாசலுக்கு அனுப்பினார். அந்தப் பெண் நல்ல வேளையாக இன்னும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவர் நிதானமாகப் பேசவைத்து, தேறும்படியான மார்க் ஒன்று போட்டு அனுப்பினார். பிறகு பெரியண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார். நான் டீக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது. "இந்தத் தப்போட உங்க பேரை என்னால அனுப்ப முடியாது டீச்சர். யார் பேரை அனுப்பணும்னு ஒரு வாரமா மண்டையைக் குடைஞ்சிட்டிருந்தேன். நீங்களே மார்க் போட்டுச் சொல்லிட்டீங்க."

"சரி சார்" என்றாள். மூச்சு எடுக்காமல் சொன்னாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் பெரியண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெட்டிய வேகத்தைப் பார்த்து நான் விரலைப் பற்றிக் கவலைப்பட்டேன். சின்னண்ணி வந்து நிலைப்படியில் நின்றாள். பதவி கிடைத்த முகமாக இல்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறாளோ, அதைவிடக் கேவலம் வேறு இல்லையே என்று நான் பயந்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? அரை மார்க் எங்க குறைச்சீங்க?"

கத்தி நின்றது.

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். உங்களைவிடச் சரியாக் கேக்குற ஆள் யாரும் இல்ல. நான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். உச்சரிப்பா? இல்ல ஏதாவது வார்த்தை தவறா விழுந்துச்சா?" உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். மாணவி மாதிரி நின்றாள்.

பெரியண்ணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தப்பு ஒண்ணும் இல்ல" என்றாள். "யாருக்குன்னு தெரியாமத்தான் போட்டேன். ஆனா இவ்வளவு அழகா ஒருத்தி பேசறாளேன்னு வயிறு எரிஞ்சுது. முழுசாக் கொடுக்க மனசு வரல."

சின்னண்ணி வாயைத் திறந்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எந்தக் கேள்விக்கும் எந்தப் பாஷையிலும் தயங்காதவள், ஒன்றும் வராமல் அப்படியே நின்றாள். பெரியண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் வருகிறதா என்று.